உப்பு போன திசை

பாலாவிச் சந்தியைத் தாண்டியதும் கொழும்பு பஸ்ஸின் இடப்பக்கம் வெளுத்துவிடும். அங்கிருந்து புத்தளம் நகர் வரைக்கும் உப்பளம்தான். வரப்பு, பாத்தி, வாய்க்கால், மறுபடியும் வரப்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் வரப்போரங்களில் கிடுகு போர்த்திய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு அப்பால் களப்பு. கற்பிட்டித் தீவகத்துக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் சுமார் 327 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அந்தத் தண்ணீர்தான் எங்கள் ஊருக்குப் பெயரும் கொடுத்தது, பிழைப்பும் கொடுத்தது. கொழும்பில் படித்த காலத்தில் வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணயர்ந்து கிடந்தாலும் பாலாவியில் விழித்துவிடுவேன். காற்றில் ஒரு காரம் ஏறியிருக்கும். சேறும் உப்பும் காய்ந்த பாசியும் கலந்த வாடை அது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது வீட்டு அடுப்படியின் வாடை.

மாமாவுக்கு அங்கே கொஞ்சம் உப்பு நிலம் இருந்தது. பள்ளி விடுமுறை விட்டால் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். களப்பு நீரை முதலில் பெரிய தேக்கத்தில் விடுவார்கள். வெயிலும் காற்றும் அதை இறுக்கும். அடுத்த தேக்கத்துக்கு மாற்றினால் அடியில் சுண்ணமாகச் சிலது படியும். அதைத் தாண்டிக் கெட்டிப்பட்ட நீர்தான் கடைசிப் பாத்திகளுக்குப் போகும். அங்கே ஒரு காலையில் தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை விழுந்திருக்கும். அதைக் கண்டதும் மாமா ஒன்றும் பேசமாட்டார். வானத்தைத்தான் பார்ப்பார். உப்புக்காரருக்கு மழையைப் போலப் பகை வேறில்லை. கச்சான் காற்று நின்று வீசி, வெயில் விடாமல் காய்ந்தால் உப்பு விளையும். ஒரு இரவு மழை பெய்தால் மாதக்கணக்கான பாடு கரைந்து களப்புக்கே திரும்பிவிடும். எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றி, உப்பை வாரிக் கூட்டி, கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களின் பாதவெடிப்பில் உப்பு இறங்கி எரிவதை, மாலையில் கிணற்றடியில் நின்று வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஆற்றுவார்கள். அந்தப் பாதங்களை நினைக்காமல் என்னால் உப்பைப் பற்றி எழுத முடியாது.

குவியலுக்கு விலை வரும் நாள் தனி. "கொழும்புல என்ன விலையாம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். லொறி வரும், சாக்குகள் ஏறும், தெற்கே போகும். உப்பு எங்களுடையது, விலை மட்டும் ஏன் கொழும்பிலிருந்து வருகிறது என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். "அது அப்பிடித்தான் மகன், எங்க மூத்தவங்க காலத்துல இருந்தே" என்றார். அந்த மூத்தவர்கள் காலம் எது, அதற்கு முன்னும் அப்படித்தானா என்பதைத் தேடித்தான் பிற்பாடு பல புத்தகங்களைத் திறந்தேன்.

முன்பு அப்படி இல்லை. 1344இல் பயணி இப்னு பதூதா இந்தக் கரையில் இறங்கினார். 'பத்தாலா' என்று அவர் எழுதியது எங்கள் புத்தளத்தைத்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. மரவேலி சூழ்ந்த சிறிய அழகிய ஊர் என்கிறார். ஆறுகள் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரை முழுக்கக் குன்றாகக் குவிந்து கிடந்தனவாம். மாபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி எடுத்துப்போவார்களாம். அரசருக்குத் துணிமணி காணிக்கையாகக் கொடுத்தால் போதும். அந்த அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி தெரிந்தவர், கப்பல்கள் வைத்திருந்தவர், விருந்தாளிக்கு முன் முத்துக்களைப் பரப்பிக் காட்டியவர். ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று இப்னு பதூதா கேட்டதும் பல்லக்கும் துணையும் கொடுத்து அனுப்பிவைத்தார். பயணி கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கங்களில் தெரியும் புத்தளம் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. எதிர்க்கரையின் துணி வருகிறது, இந்தக் கரையின் பொருள் போகிறது, மலைநாட்டுக்கு வழியும் இங்கிருந்தே தொடங்குகிறது. வாசல் என்றால் இதுதான்.

அந்த வாசல் பல நூற்றாண்டு திறந்திருந்தது. கண்டி இராச்சியத்துக்குக் கடலோடு தொடர்பு தந்த துறைகளில் புத்தளம் முக்கியமானது. மலைநாட்டிலிருந்து பாக்கு இறங்கும். கரையிலிருந்து உப்பும் கருவாடும் சோழமண்டலத் துணியும் ஏறும். பொதிமாடுகளின் கழுத்து மணியோசையோடு தவளங்கள் குருணாகல் வழியாகப் போய்வந்தன. அவற்றை ஓட்டியவர்களில் எங்கள் முஸ்லிம்கள் நிறையப் பேர். உம்மும்மாவின் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அவருடைய முப்பாட்டனார் ஒருவர் தவளத்தோடு மலைக்குப் போய், காய்ச்சல் கண்டு, ஒரு சிங்களக் கிராமத்து வீட்டில் ஒரு மழைக்காலம் முழுதும் தங்கித் தேறி வந்தாராம். அந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு பொதி உப்பு போய்க்கொண்டிருந்ததாம். கதை எவ்வளவு மெய் என்று நிறுவ வழியில்லை. ஆனால் உப்பு கிழக்கே போன காலம் ஒன்று இருந்தது என்பதை நான் முதலில் அறிந்தது அந்தக் கதையில்தான்.

பிறகு கற்பிட்டியில் கோட்டை எழுந்தது.

சிறுவயதில் வாப்பாவோடு அங்கே போயிருக்கிறேன். பாலாவியில் திரும்பி, தீவகத்தின் மணல் வீதியில் நுரைச்சோலை, ஏத்தாலை என்று ஊர் ஊராகக் கடந்து, இருபுறமும் வெங்காயப் பாத்திகளையும் தென்னைகளையும் பார்த்துக்கொண்டு போனால் கடைசியில் கற்பிட்டி. முருகைக்கல்லால் கட்டிய சதுரக் கோட்டை. சுவரைத் தொட்டால் கல்லுக்குள் சிப்பிகளின் வடிவம் விரலில் தட்டுப்படும். இன்று அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் இயேசு சபைக் குருமார் ஆலயம் கட்டியிருந்த இடம் அது. ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைப் பிடித்தார்கள். 1667இல் கோட்டை வேலையைத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். பெரிய கோட்டை அல்ல. காலிக் கோட்டையைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்து ஏமாறுவார்கள். ஆனால் அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். களப்புக்குள் கப்பல் நுழைய வேண்டுமானால் வடக்கே உள்ள வாய் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாயைப் பார்த்தபடி கோட்டை உட்கார்ந்திருக்கிறது. புத்தளத்தை எதிரியிடமிருந்து காப்பதற்காக அதைக் கட்டவில்லை. புத்தளத்துக்கு யாரும் வராமலும், புத்தளத்திலிருந்து எதுவும் போகாமலும் தடுக்கவே கட்டினார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காலனியாட்சியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கொள்ளையைத்தான் பேசுகிறோம். கறுவா போனது, முத்து போனது, யானை போனது. உண்மைதான், போயின. ஆனால் கொள்ளை போன பொருளை ஒரு கரை மறுபடி விளைவித்துக்கொள்ளும். திசையை மாற்றிவிட்டால் அதிலிருந்து மீள்வது கடினம். ஒல்லாந்தக் கம்பனி பாக்கு வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தது. இந்தியத் துணியும் தன் வழியாகவே வர வேண்டும் என்றது. அனுமதிச் சீட்டு இல்லாத தோணி கள்ளத் தோணி ஆனது. பகை முற்றும்போதெல்லாம் கண்டிக்கு உப்பும் கருவாடும் போகும் வழிகளை அடைத்தார்கள். கடைசியில் போர் நடந்தது. 1766 பெப்ரவரியில் கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கையொப்பமிட நேர்ந்த உடன்படிக்கையில் தீவின் கரை முழுவதும் கம்பனிக்குப் போனது. மன்னருக்கு விட்டுவைத்த சில சலுகைகளில் ஒன்று, சிலாபத்திலும் புத்தளத்திலும் அவருடைய குடிகள் வந்து உப்பெடுத்துப் போகலாம் என்பது. ஒரு நாட்டின் அரசர் தன் மக்கள் உப்பெடுக்க அந்நியக் கம்பனியின் இசைவைப் பெற வேண்டிய நிலை. அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவின் பாத்திகளில் விளைந்ததும் அதே உப்பல்லவா.

கடல் வாயிலை அடைத்தவர்கள் தெற்கே வேறொரு வழியைத் திறந்தார்கள். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாக வடக்கு நோக்கிக் களப்புகளையும் ஓடைகளையும் கால்வாயால் இணைத்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயரும் அதைப் பேணிப் புத்தளம் வரை ஓடவிட்டார்கள். முந்தல் பக்கம் அந்தக் கால்வாயின் துண்டுகளை இன்றும் காணலாம். கண்டல் வேர்கள் கரையைப் பிடித்திருக்க, தண்ணீர் அசையாமல் நிற்கும். கிடுகுக் கூரை போட்ட தட்டைப் படகுகளில் உப்பு தெற்கே போனதை வாப்பாவின் தலைமுறைக்கு முந்தியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆள்கள் கழியூன்றித் தள்ளுவார்களாம். படகிலேயே சமைத்துச் சாப்பிட்டு, கொழும்புக்குப் போய்ச்சேர நாள்கணக்காகுமாம். அது நல்ல கால்வாய், அதை நான் குறை சொல்லவில்லை. கடற்கொந்தளிப்புக்கு அஞ்சாமல் பாரம் போக அதைவிட வழியில்லை. ஆனால் அந்நாள்வரை மேற்கே கடலுக்கும் கிழக்கே மலைக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கு முதல் முறையாகத் தெற்கே திரும்பியது அதில்தான்.

1795 நவம்பரில் கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1815இல் கண்டியும் வீழ்ந்தது. இனித் தடுக்க வேண்டிய எதிரி மலையில் இல்லை, எனவே வாசல் திறந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. உப்பு முற்றுரிமை அரசாங்கத்தின் முக்கிய வருமானங்களில் ஒன்றானது. பாத்தி குடியானவருடையது, உழைப்பு அவருடையது, விளைந்ததை நிர்ணயித்த விலைக்கு அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அரசாங்கம் களஞ்சியத்தில் அடுக்கி, பல மடங்கு விலைக்கு மக்களுக்கு விற்கும். இடைப்பட்ட தொகை திறைசேரிக்கு. அனுமதியின்றி உப்பெடுப்பது குற்றம். களப்போரச் சேற்றில் தானாகப் பூத்த உப்பானாலும் அதைச் சொந்தச் சட்டிக்கு அள்ளக்கூடாது. 1930இல் காந்தி தண்டிக் கரையில் குனிந்து அள்ளியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. எங்கள் கரையில் அப்படிக் குனிந்து பிடிபட்டவர்களின் பெயர்கள் ஏதேனும் கச்சேரிப் பதிவேட்டில் கிடந்தால் உண்டு.

அந்த முற்றுரிமையில் மிகப் பெரிய சேதம் விலையில் இல்லை என்பது என் எண்ணம். உப்பு என்பது இங்கே வாரிக் குவித்து ஏற்றி அனுப்ப மட்டுமே உரிய பொருள் என்று அது பழக்கிவிட்டது. அரைப்பதும் தூய்மை செய்வதும் பொதி கட்டுவதும் விற்பதும் வேறிடத்து வேலை. உப்பிலிருந்து இன்னும் என்னென்ன செய்யலாம் என்று கேட்க இங்கே யாருக்கும் உரிமையில்லை, எனவே கேட்கும் வழக்கமும் வளரவில்லை. கணக்கெழுதுபவரும் காவல்காரரும் பெருகினார்கள், வணிகர் குறைந்தார்கள்.

இதே காலத்தில் கற்பிட்டியில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இந்தப் பகுதியைத் தாண்ட மனமில்லை. சைமன் காசிச்செட்டி. 1807இல் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். 1834இல் இலங்கை முழுவதற்கும் ஊர், ஆறு, விளைபொருள், மக்கள் எல்லாவற்றையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் விவரக் கோவை ஒன்று வெளியிட்டார். சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். சிலாபத்தில் நீதிபதியானார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து அச்சிட்டார், அடுத்த ஆண்டு மறைந்தார். ஒரு சிறு துறைமுகத்துப் பிள்ளை அவ்வளவு மொழிகளைக் கற்று, அவ்வளவு பக்கங்கள் எழுத முடிந்ததற்கு அந்தத் துறைமுகத்தில் பல மொழிகள் நடமாடியதும் காரணம்தானே. எங்கள் பிள்ளைகளுக்கு அவரைச் சொல்லித்தர வேண்டும். கற்பிட்டியைக் காற்றாடிச் சறுக்கலுக்கும் ஓங்கில் பார்ப்பதற்கும் உரிய ஊராகவே இன்று வருகிறவர்கள் அறிகிறார்கள்.

1845இல் வடமேல் மாகாணத்தை உருவாக்கியபோது முதலில் புத்தளம்தான் அதன் தலைமையிடம். பிறகு கச்சேரி குருணாகலுக்குப் போய்விட்டது. மலையில் கோப்பி, அதற்குத் தெருக்கள், அதிகாரிகளின் கண் அங்கே. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது எழுந்த பின் நீராவிக் கப்பல்களெல்லாம் அங்கேதான். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இந்தியப் போக்குவரத்து அந்த வழியே குவிந்தது. தூத்துக்குடியிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கற்பிட்டிக்கு வந்த தோணிகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. வாப்பாவின் சின்ன வயதில் இன்னும் சிலது வந்துகொண்டிருந்தனவாம். கூரை ஓடும் வெங்காயமும் இறங்கும், தேங்காயும் கருவாடும் ஏறும். தோணிக்காரர் சிலர் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் தேநீர் குடித்துப் போனார்கள் என்று சொல்லும்போது வாப்பாவின் குரல் வேறாகிவிடும்.

புகையிரதம் எங்களுக்கு 1926இல் வந்தது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் என்று படிப்படியாக நீண்டு புத்தளத்தில் நின்றுவிட்டது. அந்தப் பாதை வடக்கே மன்னாரைத் தொட்டதில்லை, கிழக்கே அநுராதபுரத்தைத் தொட்டதில்லை. ஒல்லாந்தக் கால்வாய் காட்டிய திசையையே இரும்பில் எழுதினார்கள்.

மாவட்டத்தின் தெற்கைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கம் போய்ப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. அப்படிக் கைமாறிய நிலங்களில் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. வெள்ளையர் மட்டுமல்ல, உள்ளூரில் பணம் படைத்தோரும் வாங்கினார்கள். கொழும்பு, குருணாகல், புத்தளம் மூன்றும் சேர்ந்து தென்னை முக்கோணம் ஆயின. நிலமில்லாதவன் கூலியாளானான் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், தேங்காயை உரிக்காமல் அனுப்ப முடியாது. மட்டையை ஊறவைத்துத் தும்பு எடுக்க வேண்டும், பருப்பைக் கொப்பறாவாகக் காயவைக்க வேண்டும், துருவி உலர்த்த ஆலை வேண்டும். அந்த வேலைகள் அங்கேயே நடந்தன. பள்ளிக்கூடங்கள் வந்தன, வைக்காலில் ஓட்டுச் சூளைகள் நிறைந்தன, லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஒரே மாவட்டம், ஒரே ஆட்சி. ஆனால் தேங்காய் போன தெற்கு ஒரு விதமாகவும் உப்பு போன வடக்கு இன்னொரு விதமாகவும் வளர்ந்தன. சிலாபத்துக்குத் தெற்கே பஸ்ஸில் போகும்போது வீடுகளின் உயரமே மாறுவதைச் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். அதற்கு இத்தாலிக்குப் போனவர்களின் பணமும் காரணம் என்பதை மறைக்கவில்லை.

ஜாவாத் தீவில் இதே ஒல்லாந்தர் 19ஆம் நூற்றாண்டில் கட்டாயக் கரும்புச் சாகுபடி நடத்தினார்கள். கொடுமையான ஏற்பாடு. ஆனால் மெலிசா டெல், பெஞ்சமின் ஓல்கன் என்ற இரு பொருளியலாளர்கள் அந்த ஊர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய சர்க்கரை ஆலைகளின் அருகிலிருந்த ஊர்கள் இன்று அதிகத் தொழிலும் கல்வியும் வீதிகளும் கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அதே டெல் அதற்கு முன், ஸ்பானியர் பெருவில் வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்த ஊர்கள் இன்றும் ஏழ்மையில் இருப்பதைக் காட்டியிருந்தார். அந்த இரண்டையும் படித்தபோது எனக்கு எங்கள் மாவட்டத்தின் வரைபடமே கண்முன் வந்தது. பொருளைப் பதப்படுத்த ஆலை நின்ற இடத்தில் அடக்குமுறை போன பிறகும் ஏதோ எஞ்சுகிறது. ஆளையோ பொருளையோ அப்படியே எடுத்துப்போன இடத்தில் எதுவும் எஞ்சுவதில்லை. இதனால் அந்த ஆட்சிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாரும் சொன்னால் ஒப்பமாட்டேன். கட்டாயத்தில் எழுந்த ஆலையைச் சுதந்திரமாக எழுப்பியிருந்தால் இன்னும் நன்றாக எழுந்திருக்கும்.

1948க்குப் பிறகு ஆட்சி நம்முடையது. அதன் பின் நடந்த எல்லாவற்றையும் ஒல்லாந்தர் தலையில் போட முடியாது. ஆனால் வந்தவர்களும் அதே திசையில்தான் சிந்தித்தார்கள். புத்தளத்துக்கு வடக்கே அறுவாக்காட்டில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்றதும் சீமெந்து ஆலை வந்தது, தண்டவாளம் அங்கே கல் தோண்டும் குழி வரைக்கும் நீண்டது. மன்னாருக்கு நீளாத பாதை கல்லுக்காக நீண்டது. 1980களில் இறால் பண்ணைக்காரர்கள் வந்து முந்தல், உடப்புப் பக்கக் கண்டல் காடுகளை வெட்டிக் குளம் கட்டினார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் பரவியதும் பலர் போட்டது போட்டபடி போனார்கள். வெட்டிய கண்டல் திரும்ப முளைக்கவில்லை. நுரைச்சோலையில் சீனக் கடனில் அனல் மின் நிலையம் எழுந்தது. 2011இல் முதல் 300 மெகாவாட், பிறகு மொத்தம் 900. நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு எங்கள் கரையிலிருந்து போகிறது, நிலக்கரிச் சாம்பல் எங்கள் வெங்காயத் தாளில் படிகிறது. 2017 ஏப்ரலில் கொழும்பருகே மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து ஏழைகளின் வீடுகளை மூடியது. அந்தத் துயரத்துக்குப் பிறகு கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியவர்கள் கண்டெடுத்ததும் அறுவாக்காட்டின் கல் தோண்டிய குழிகளைத்தான். முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர், குருமார், மௌலவிமார் எல்லோரும் சேர்ந்து அதை எதிர்த்துப் புத்தளத்தில் வீதிக்கு இறங்கினோம். அவ்வளவு கூட்டம் நான் வேறெதற்கும் கண்டதில்லை. 2019இல் குப்பை வந்தது.

இந்தக் கரை எடுத்துக் கொடுக்க மட்டும் பழகியதல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். உடுத்த துணியோடு வந்தவர்கள். எங்கள் பள்ளிக்கூடங்கள், பள்ளிவாசல்கள், தென்னந்தோப்புகள் எல்லாம் அவர்களால் நிறைந்தன. உம்மா பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சி அனுப்பிக்கொண்டே இருந்தார். நெருக்கடியும் மனத்தாங்கலும் பிறகு வந்தன. தண்ணீருக்கும் கூலிக்கும் போட்டி வந்தது. அதே நேரம் தீவகத்து மணலில் காய்கறியும் மிளகாயும் அவ்வளவு விளைந்தது அவர்களுடைய கைகளாலும்தான். அந்த நாள்களில் களப்பு வாயில் வழியாகப் படகுகள் உள்ளே வந்ததை யாரும் தடுக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

அதே 1990இல் போரினால் ஆனையிறவு உப்பளம் மூடப்பட்டு, நாட்டின் சமையலுக்கு எங்கள் உப்பு இன்னும் வேண்டியதானது. ஆனாலும் அறுவடை நாளில் மாமாவின் கையில் பேரம் பேசும் பலம் கூடவில்லை. சொந்தக் களஞ்சியம் இல்லாதவன் மழைக்கு முன் விற்றாக வேண்டும். 2024இன் கடைசியில் மழை ஓயாமல் பெய்து பாத்திகளைக் கரைத்தது. 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தார்கள். மாமா உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருடைய மகனிடம் கேட்டேன். "வாப்பா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு நானா. வானத்தத்தான் பாத்திருப்பாரு" என்றான்.

அவன் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. வரப்புகளை உயர்த்திக் கட்டியிருக்கிறான். பாலாவியில் கொட்டகை ஒன்று போட்டு, உப்பைக் கழுவி அரைத்து அயடின் கலக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறான். 1995 முதல் அயடின் கலக்காமல் உணவு உப்பு விற்க முடியாது. அதனாலேயே சிறு உற்பத்தியாளர் பலர் பெரியவர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். இவன் வங்கிக்கு நடையாய் நடந்தான், தரச் சான்றிதழுக்கு அலைந்தான், பக்கத்துப் பாத்திக்காரர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டான். பொதியில் புத்தளம் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறான். கொழும்புச் சந்தையில் பெரிய நிறுவனங்களோடு மோத முடியாது என்று குருணாகல் கடைகளில் தொடங்கினான். இப்போது கலேவெலவிலும் மாத்தளையிலும் சில கடைக்காரர்கள் எடுக்கிறார்கள். சின்ன லொறிதான், வாரம் ஒரு தடவை கிழக்கே போகிறது. டீசல் விலையைக் கணக்கிட்டால் இன்னும் கட்டுபடியாகவில்லை என்கிறான். திரும்பி வரும்போது வெறும் லொறியாக வராமல் மாத்தளையிலிருந்து மிளகும் பாக்கும் ஏற்றிவர யாரேனும் வியாபாரி கிடைப்பாரா என்று என்னையும் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான்.